நான்டியின் கேஸ் ஷீட்

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் தொல்லியல் மாணவி இல்லை. பிசியோதெரபி, மூன்றாம் வருடம். எலும்பு பற்றிக் கொஞ்சம் தெரியும், கல் ஆயுதம் பற்றிக் கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ரொம்ப நாளாக எழுத நினைத்து, இன்டர்னல் பரீட்சை, கிளினிக்கல் போஸ்டிங் என்று தள்ளிக்கொண்டே போன விஷயம் இது. கொஞ்சம் நீளம்தான். டீ, காபி ஏதாவது பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேஸ் ஷீட். நம்ம வகுப்பு மக்கள் மனசுக்குள் டயக்னோசிஸ் போட்டுக்கொண்டே வரலாம்.

ஆண். வயது 35-க்கு மேல், 50-க்குள். இடது கண்குழியின் வெளிப்பக்கம் அடிபட்டு நசுங்கிய பழைய காயம். அந்தக் கண்ணில் பார்வை இருந்திருக்க வாய்ப்பு குறைவு. வலது பக்கத்துத் தோள்பட்டை எலும்பு, காறை எலும்பு, மேற்கை எலும்பு மூன்றும் இடது பக்கத்தைவிடச் சிறுத்து, மெலிந்து இருக்கின்றன. மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே கை இல்லை. வலது பாதத்தில் ஆறிப்போன எலும்பு முறிவு. வலது முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டுத் தேய்மானம். இரண்டு காதுத் துளைகளிலும் எலும்பு வளர்ந்து அடைத்திருக்கிறது. முன்பற்கள் கிட்டத்தட்ட முழுசாகத் தேய்ந்துவிட்டன.

முகவரி: ஷனிதார் குகை, ஜாக்ரோஸ் மலை, வடக்கு இராக். இறந்த தேதி: தோராயமாக 45,000 முதல் 50,000 வருடங்களுக்கு முன்னால்.

ஆள் ஒரு நியாண்டர்தால். ஆய்வாளர்கள் வைத்த பெயர் ஷனிதார் 1. தோண்டியவர்கள் செல்லமாகக் கூப்பிட்ட பெயர் நான்டி. எனக்கு இரண்டாவது பெயர்தான் பிடித்திருக்கிறது.

நியாண்டர்தால்கள் யார் என்று தெரியாதவர்களுக்கு வேகமாக ஒரு பத்தி. 1856-ல் ஜெர்மனியில் நியாண்டர் பள்ளத்தாக்கில் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறவர்களுக்குக் கிடைத்த எலும்புகளை வைத்து வந்த பெயர் அது. ஐரோப்பாவிலும் மேற்கு ஆசியாவிலும் லட்சக்கணக்கான வருடங்கள் வாழ்ந்து, சுமார் 40,000 வருடங்களுக்கு முன்னால் மறைந்துபோன மனிதர்கள். நம் ஆட்கள் (ஹோமோ சேப்பியன்ஸ் என்று கௌரவமாகச் சொல்லலாம்) அதே இடங்களில் அவர்களோடு நடமாடியிருக்கிறார்கள், குழந்தையும் பெற்றிருக்கிறார்கள். 2010-ல் ஸ்வாந்தே பேபோவின் குழு நியாண்டர்தால் டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்து இதை உறுதி செய்தது. அவருக்கு 2022-ல் நோபல் பரிசும் வந்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே பூர்வீகம் கொண்ட எல்லோரிடமும் 2 சதவீதம் போல அவர்களுடைய மரபணு இருக்கிறது. இதைப் படிக்கிற உங்களிடமும்தான். ஆக, நான்டியை ஒன்றுவிட்ட தாத்தா என்று கூப்பிட்டால் தப்பில்லை :-)

குகையைத் தோண்டியவர் ரால்ஃப் சொலெக்கி என்ற அமெரிக்கர். 1951-லிருந்து 1960 வரை பலமுறை போயிருக்கிறார். அப்போது அந்தக் குகையில் குளிர்காலத்தில் குர்திஷ் குடும்பங்கள் ஆடு, கோழியோடு குடியிருந்தார்களாம். அவர்கள் அடுப்பு மூட்டிய தரைக்குக் கீழே இன்னொரு அடுப்பு, அதற்கும் கீழே இன்னொன்று என்று பல்லாயிரம் வருடங்களுக்குப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. ஆணும் பெண்ணும் குழந்தைகளுமாகப் பத்துப் பேரின் எலும்புகள் கிடைத்தன. பத்தாவது ஆளை அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில், விலங்கு எலும்புகளோடு கலந்து கிடந்த நிலையில், பல வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தார்கள். நான்டி கிடைத்தது 1957-ல். மேலிருந்து பாறை விழுந்து இறந்துபோனார் என்பது சொலெக்கியின் கணிப்பு.

இப்போது என் பாடத்துக்கு வருகிறேன். ஒரு எலும்பு முறிந்த பிறகு ஆள் உயிரோடு இருந்தாரா இல்லையா என்பதை எலும்பே சொல்லிவிடும். முறிந்த உடனே இறந்துவிட்டால் உடைந்த ஓரம் கூர்மையாக அப்படியே இருக்கும். சில வாரங்கள் உயிரோடு இருந்தால் அந்த இடத்தில் புது எலும்பு முளைத்து முடிச்சுபோலத் திரளும். வருடங்கள் போனால் அந்த முடிச்சும் கரைந்து, வழவழப்பாகி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற அளவுக்கு வந்துவிடும். இது நடந்த பிறகு இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது என்று ஆர்த்தோ ஓ.பி.யில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துச் சொல்கிறார்களே, அதே வித்தைதான். உபயோகப்படுத்தாத எலும்பு மெலியும் என்பதும் நமக்குத் தெரியும். மாவுக்கட்டு பிரித்த கையைப் பார்த்தவர்கள் எல்லோருக்குமே தெரியும்.

நான்டியின் காயங்கள் எல்லாம் ஆறியவை. அதுவும் நன்றாக ஆறியவை. வலது கை இளம் வயதிலேயே போயிருக்க வேண்டும், அதனால்தான் தோள் வரைக்கும் எலும்பு வளராமல் நின்றிருக்கிறது. அதாவது இந்த மனுஷன் ஒரு கை இல்லாமல், ஒரு கண் இல்லாமல், நொண்டிக்கொண்டே, பல வருடம், ஒருவேளை பத்து இருபது வருடங்களுக்கு மேல், பனியும் சிறுத்தையும் உள்ள மலையில் வாழ்ந்திருக்கிறார். நியாண்டர்தால் கணக்கில் 40 வயசு என்பது கிழவர். காது விஷயம் பிறகு வந்தது. எரிக் டிரிங்காஸ், செபாஸ்டியன் வில்லோட் இருவரும் 2017-ல் பழைய மண்டையோட்டைத் திரும்பப் பார்த்து, இவருக்குக் காதும் சரியாகக் கேட்டிருக்காது என்று எழுதினார்கள்.

இங்கிருந்துதான் அந்தப் பிரபலமான கதை ஆரம்பிக்கிறது. இப்படிப்பட்டவர் தனியாகப் பிழைத்திருக்க முடியாது. எனவே மற்றவர்கள் அவரைப் பராமரித்திருக்கிறார்கள். எனவே நியாண்டர்தால்களுக்கு இரக்கம் இருந்தது. எனவே அவர்களும் மனிதர்கள்தான். பாடப்புத்தகம், டாக்குமென்டரி, மேடைப்பேச்சு, ஃபார்வர்டு மெசேஜ் எல்லாவற்றிலும் நான்டி இப்படித்தான் வருகிறார்.

இந்தக் கதை ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அதற்கு ஐம்பது வருடம் முன்னால் போக வேண்டும். 1908-ல் பிரான்சில் லா ஷாப்பல்-ஓ-சேன் என்ற ஊரில், பாதிரியார்களான சகோதரர்கள் ஒரு சிறு குகையில் கிட்டத்தட்ட முழுசான ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார்கள். அதை பாரிஸில் மார்செலின் பூல் என்ற பெரிய நிபுணரிடம் கொடுத்தார்கள். அவர் 1911-லிருந்து 1913 வரை பக்கம் பக்கமாக எழுதி முடித்தபோது நியாண்டர்தால் என்பவன் கூன் முதுகு, மடங்கிய முழங்கால், முன்னால் தொங்கும் தலை, குரங்குக்கு ஒரு படி மேலே என்று ஆகிவிட்டான். 1909-லேயே பத்திரிகைக்காக குப்கா என்ற ஓவியர் வரைந்த படத்தில் உடம்பெல்லாம் மயிரோடு கையில் தடியோடு குகை வாசலில் நிற்கிறான். இன்றைக்கும் கார்ட்டூனில் வரும் குகை மனிதன் அந்தப் பரம்பரைதான்.

1957-ல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற இரண்டு உடற்கூறியல்காரர்கள் அதே எலும்புகளைத் திரும்பப் பார்த்தார்கள். அந்த ஆளுக்கு முதுகெலும்பில் கடுமையான மூட்டுவாதம்! பல்லும் நிறைய கொட்டிப்போயிருந்தது. ஒரு நோயாளியை வைத்து ஒரு இனத்தையே வரைந்திருக்கிறார்கள். நம்ம ஓ.பி.யில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆஸ்டியோஆர்த்ரிட்டிஸ் தாத்தாவைக் காட்டி இந்தியர்கள் எல்லோரும் இப்படித்தான் நடப்பார்கள் என்று சொன்ன மாதிரி. குளிப்பாட்டி, சவரம் செய்து, சட்டை பேன்ட் மாட்டிவிட்டால் நியூயார்க் பாதாள ரயிலில் இவரை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்கிற ரீதியில் அவர்கள் எழுதியது இந்தத் துறையில் ரொம்பப் பிரபலம். (மூட்டுவாதம் மட்டும் காரணமில்லை, நியாண்டர்தால் நமக்கு முன்னோராக இருக்கவே கூடாது என்று பூல் முதலிலேயே முடிவு செய்துவிட்டார் என்றும் பிறகு சொன்னார்கள். 2019-ல் ஒரு குழு அந்த முதுகெலும்பையும் இடுப்பையும் மறுபடி அளந்து, நம்மைப் போலவே நிமிர்ந்து நடந்தவர்தான் என்று எழுதியது.)

அதே 1957-ல்தான் நான்டியும் மண்ணிலிருந்து வெளியே வந்தார். மிருகம் என்ற பெயரைத் துடைக்க வேண்டிய நேரத்தில், பராமரிக்கப்பட்ட ஒரு மாற்றுத்திறனாளி கிடைத்தார். சொலெக்கி 1971-ல் தன் புத்தகத்துக்கு வைத்த துணைத்தலைப்பே "முதல் மலர் மக்கள்". அமெரிக்காவில் ஹிப்பிகள் காலம் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். மலர் எங்கிருந்து வந்தது என்றால், அங்கே கிடைத்த நான்காவது எலும்புக்கூட்டைச் சுற்றியிருந்த மண்ணில் கொத்துக் கொத்தாக மகரந்தம் இருந்தது, அதனால் பூ வைத்துப் புதைத்தார்கள் என்று முடிவு செய்தார். அப்புறம் ஒருவர் எலிகள் வளைக்குள் பூவை இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார். 2023-ல் வந்த கட்டுரை, மண்ணுக்குள் கூடு கட்டும் தேனீக்களாக இருக்கலாம் என்கிறது. பாவம் சொலெக்கி. 2019-ல் 101 வயதில் இறந்தார்.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம்.

என் பெரியப்பாவுக்கு மூன்று வயதில் போலியோ. வலது கால் சூம்பிப்போய்விட்டது. நடக்கும்போது வலது கையால் தொடையை முழங்காலுக்கு மேலே அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் உடம்பைச் சாய்த்துச் சாய்த்து நடப்பார். தொடைத் தசைக்குப் பலம் இல்லாதபோது முழங்கால் மடங்கிவிடாமல் இருக்க உடம்பு தானாகக் கற்றுக்கொள்கிற உத்தி அது. கல்லூரியில் இதற்கு 'ஹேண்ட்-டு-நீ கெய்ட்' என்று பெயர் சொல்லி, ஒரு மார்க் கேள்வியாகவும் கேட்டார்கள். நான் முழு மார்க் :-)

பெரியப்பா எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ரேடியோ, மிக்ஸி ரிப்பேர் கடை வைத்திருந்தார். ஒரு கையில் சால்டரிங் அயர்ன், இன்னொரு கையில் போர்டு, வாயில் ஈயக் கம்பி. ஒயருக்கு மேல் இருக்கும் ரப்பரை உரிக்க அவருக்குக் கட்டர் தேவையில்லை, முன்பல் போதும். முப்பது வருடம் அப்படி உரித்து உரித்து மேல்வரிசைப் பல் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது "பெரியப்பா, ஈன்னு காட்டுங்க" என்று அதில் விரல் வைத்துப் பார்ப்பேன். அந்தக் கடை வருமானத்தில்தான் அப்பா பாலிடெக்னிக் படித்தார், சித்தப்பா படித்தார், அத்தை கல்யாணம் நடந்தது. பெரியப்பா கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருந்தார்.

அவர் இறந்தபோது துக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "கால் இல்லாத அண்ணனைக் கடைசி வரைக்கும் வச்சுத் தாங்கினீங்களேப்பா. உங்களுக்கு ஒரு குறையும் வராது." அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அடுப்படியில் அம்மா மட்டும், யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "யாரு யாரைத் தாங்கினது?"

எனக்கு நான்டியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அடுப்படியில் அம்மா சொன்னதுதான் காதில் விழுகிறது. நாளைக்கே, வேண்டாம், 45,000 வருடம் கழித்து யாரோ பெரியப்பாவைத் தோண்டி எடுக்கிறார்கள் என்று வையுங்கள் (தகனம் செய்துவிட்டோம், சும்மா ஒரு பேச்சுக்கு). வலது தொடை எலும்பு ஒல்லி, இடதைவிடக் குட்டை. சின்ன வயதில் வந்த பாதிப்பு, அதற்குப் பிறகு ஐம்பது வருடம் வாழ்ந்திருக்கிறார். உடனே கட்டுரை எழுதிவிடுவார்கள்: இந்தச் சமூகத்தில் நலிந்தவர்களைப் பராமரிக்கும் பண்பு இருந்தது என்று. பராமரித்தவர்களுக்குக் கைதட்டல் கிடைக்கும். பெரியப்பா அந்தக் கதையில் ஒரு சாட்சிப் பொருள்.

இந்த எரிச்சலை ஒருத்தர் எனக்கு முன்னாலேயே ஆராய்ச்சிக் கட்டுரையாக எழுதிவைத்திருக்கிறார் என்று தெரிந்தபோது குதிக்காத குறைதான். கேத்தரின் டெட்வைலர், அமெரிக்க மானிடவியலாளர், ஆப்பிரிக்காவில் மாலி நாட்டில் குழந்தைகளின் ஊட்டச்சத்து பற்றி ஆய்வு செய்தவர். 1991-ல் எழுதிய கட்டுரையின் தலைப்பே ஒரு கேள்விதான்: பழைய எலும்பில் உள்ள நோய்க்குறிகள் இரக்கத்துக்குச் சான்றாக முடியுமா? முடியாது என்பது அவர் பதில். அவர் சொல்வதை என் பாஷையில் தருகிறேன். ஒருவர் ஊனத்தோடு உயிர் வாழ்ந்தார் என்பதுதான் எலும்பு தருகிற தகவல். அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதை எலும்பு சொல்லவில்லை, நாம் சொல்கிறோம். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் உற்பத்தியில் பங்கெடுக்காதவர்கள் என்று பார்த்தால் கைக்குழந்தைகள் தொடங்கி நிறையப் பேர் இருக்கிறார்கள், ஊனமுற்றவர்கள் மட்டும் விசேஷமாகப் பாரம் இல்லை. இன்னொன்று, ஒருவருக்குச் சோறு போட்டார்கள் என்பதால் அன்பாகப் போட்டார்கள் என்று ஆகிவிடாது. திட்டிக்கொண்டே போட்டிருக்கலாம், கேலி செய்துகொண்டே போட்டிருக்கலாம். எலும்பில் அதுவும் பதியாது.

இந்தக் கடைசி விஷயத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பெரியப்பாவை ஊரில் எந்தப் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

சரி, நான்டி என்ன வேலை பார்த்தார்? சொலெக்கியை நான் கொஞ்சம் மேலே கிண்டல் செய்துவிட்டேன், ஆனால் இந்தக் கேள்வியை முதலில் கேட்டவரே அவர்தான். நான்டி கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் அடுப்புகள் இருந்தன. அதையும், அந்தத் தேய்ந்துபோன முன்பற்களையும் சேர்த்துப் பார்த்து, இவர் அடுப்பைச் சுற்றி ஏதோ பயனுள்ள வேலை செய்துகொண்டிருந்திருப்பார், இல்லாத கைக்குப் பதிலாகப் பல்லால் பிடித்துக்கொண்டிருப்பார் என்று அவர் எழுதியிருக்கிறார். பராமரித்தார்கள் என்ற பாதி உலகம் முழுக்கப் பரவியது. வேலை செய்தார் என்ற பாதி எங்கேயோ கீழே விழுந்துவிட்டது.

பல் சமாச்சாரத்தில் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இரண்டு கையும் நன்றாக இருந்த நியாண்டர்தால்களுக்கும் முன்பல் இப்படித் தேய்ந்திருக்கிறது. தோலை, இறைச்சியைப் பல்லால் கவ்விக்கொண்டு கையால் இழுத்து அறுப்பது அவர்களுடைய பொது வழக்கம். ஆகவே தேய்மானத்தை வைத்து மட்டும் இது ஒற்றைக் கைக்காரரின் பல் என்று சொல்லிவிட முடியாது. அவரும் மற்றவர்கள் செய்த வேலையையே செய்துகொண்டிருந்தார் என்று சொல்லலாம். எனக்கு அது போதும்.

கால் பற்றியும் ஒரு வார்த்தை. முழங்காலிலும் கணுக்காலிலும் மூட்டுத் தேய்மானம் வருவதற்கு என்ன காரணம்? காயம் பட்ட மூட்டில் வரும். அந்த மூட்டை ஓய்வில்லாமல் உபயோகப்படுத்தினால் இன்னும் மோசமாகும். படுக்கையில் கிடத்திச் சோறு ஊட்டிய ஆளின் கால் மாதிரி எனக்கு இது தெரியவில்லை. நாடோடிக் கூட்டம், மலைப்பாதை, முறிந்து ஆறிய பாதம். அந்தக் காலை வைத்துக்கொண்டு அவர் நடந்திருக்கிறார். நிறைய நடந்திருக்கிறார்.

அப்படியென்றால் யாருமே யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. கை போன அன்றைக்கு ரத்தத்தை யாரோ நிறுத்தியிருக்க வேண்டும். பாதம் உடைந்த வாரங்களில் யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்திருக்க வேண்டும். அது அவருக்கு மட்டும் நடந்த அதிசயம் இல்லை என்பதுதான் என் பாயின்ட். அந்தக் காலத்தில் அடிபடாத ஆளே குறைவு. நியாண்டர்தால்கள்தான் ரொம்ப முரடர்கள், பெரிய மிருகத்தோடு மோதி அடிக்கடி மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2018-ல் கேத்தரினா ஹார்வாட்டியின் குழு நியாண்டர்தால் மண்டையோடுகளையும் பனியுக காலத்து நம் ஆட்களின் மண்டையோடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. இரண்டு பக்கமும் காயத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். இன்றைக்கு நீ விழுவாய், நாளைக்கு நான் விழுவேன் என்ற வாழ்க்கை. இதில் பராமரிப்பவர் ஒரு கட்சி, பராமரிக்கப்படுபவர் இன்னொரு கட்சி என்று பிரிப்பதே எனக்குச் செயற்கையாகத் தெரிகிறது.

ஆனால் ஒரு கேஸில் என் வாதம் எல்லாம் நிற்காது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஸ்பெயினில் வலென்சியா பக்கம் கோவா நெக்ரா என்ற குகை. 1989-ல் தோண்டி எடுத்த சாமான்களில் ஒரு சின்ன எலும்புத் துண்டு, காதுக்கு மேலே இருக்கும் பொட்டு எலும்பு. வெகுகாலம் விலங்கு எலும்புகளோடு கிடந்தது. அதை நுண்ணிய சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்த மெர்சிடிஸ் கோண்டே-வால்வெர்டே குழு 2024-ல் எழுதியது: இது ஒரு நியாண்டர்தால் குழந்தை, உள்காதில் இருக்கும் கோளாறுகள் எல்லாம் சேர்ந்து பொருந்துகிற ஒரே நிலை டவுன் சிண்ட்ரோம். குழந்தைக்கு டீனா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காது கேட்டிருக்காது, அடிக்கடி தலை சுற்றியிருக்கும், நிற்கவும் நடக்கவும் சிரமப்பட்டிருக்கும். எலும்பின் காலம் 1,46,000 வருடங்களுக்கும் 2,73,000 வருடங்களுக்கும் இடையில். டீனா குறைந்தது ஆறு வயது வரை இருந்திருக்கிறாள் (ஆணா பெண்ணா தெரியாது, பெயருக்கு ஏற்றபடி எழுதுகிறேன்). 1929-ல்கூட டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளின் சராசரி ஆயுள் 9 வயதுதான் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டீனா அடுப்பைப் பார்த்துக்கொண்டாள் என்றெல்லாம் என்னால் கதை விட முடியாது. ஆறு வருடம் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். தாய் ஒருத்தியால் அது முடிந்திருக்காது, கூட்டத்தில் மற்றவர்களும் கை கொடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். குழந்தைகள் வார்டில் ஒரு மாதம் போஸ்டிங் பார்த்தவள் என்ற முறையில் நானும் ஒத்துக்கொள்கிறேன். அதைப் படித்த அன்றைக்கு வார்டில் பாட்டியும் தாத்தாவும் மாறி மாறித் தூக்கிக்கொண்டு வருகிற ஒரு குழந்தையை வேறு மாதிரிப் பார்த்தேன். பாட்டியையும்தான்.

நம் ஆட்கள் பக்கமும் இப்படிப்பட்ட குழந்தைகள் உண்டு. இஸ்ரேலில் நாசரேத்துக்குப் பக்கத்தில் கஃப்ஸே குகையில், ஏறத்தாழ 90,000 முதல் 1,00,000 வருடங்களுக்கு முந்தைய, 12 - 13 வயதுப் பிள்ளை. சின்ன வயதில் மண்டையில் அடிபட்டு மூளை வளர்ச்சி நின்றிருக்கிறது. புதைக்கும்போது நெஞ்சின் மேல் மான் கொம்பு வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவில் சுங்கிர் என்ற இடத்தில், சுமார் 34,000 வருடங்களுக்கு முன்னால், இரண்டு சிறுவர்களைத் தலைக்குத் தலை வைத்துப் புதைத்திருக்கிறார்கள். சின்னவனுக்குத் தொடை எலும்புகள் இரண்டும் குட்டையாக, வில்போல வளைந்தவை. இரண்டு பேர் மேலும் சேர்த்துப் பத்தாயிரம் தந்தப் பாசிமணிகள், யானைத்தந்தம் இல்லை, மாமூத் தந்தம். ஒரு பாசியைச் செய்ய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

நம் ஆட்கள் பாசி கோத்தார்கள், நியாண்டர்தால்கள் என்ன செய்தார்கள் என்று உடனே ஒப்பிடத் தோன்றும். நான் அதற்கு வரவில்லை. பத்தாயிரம் பாசி அந்தப் பையன் செத்த பிறகு அவனுக்கு இருந்த மரியாதையைச் சொல்கிறது. உயிரோடு இருந்தபோது அவனை விளையாட்டில் சேர்த்துக்கொண்டார்களா என்பதைச் சொல்லவில்லை. பெரியப்பாவுக்கும் மாலைகள் நிறைய வந்தன.

ஷனிதாருக்குத் திரும்பிப் போகிறேன். அந்தக் குகையில் இப்போது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிரேம் பார்க்கர் குழு குர்திஸ்தான் தொல்லியல் துறையோடு சேர்ந்து மறுபடி தோண்டி ஆராய்கிறது. 2018-ல் இன்னொருவரைக் கண்டுபிடித்தார்கள். சுமார் 75,000 வருடத்துக்கு முந்தைய பெண், நாற்பது சொச்சம் வயது. மண்டையோடு கல்லுக்கு அடியில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு அப்பளமாக நசுங்கிக் கிடந்திருக்கிறது. இருநூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகளைப் பொறுக்கி ஒட்டி, 2024-ல் முகத்தைச் செய்து காட்டினார்கள். தெருவில் பார்த்தால் ஏதோ ஒரு அத்தை என்று நினைப்பீர்கள். இந்த அத்தைக்கும் முன்பற்கள் வேர் வரைக்கும் தேய்ந்திருக்கின்றன.

எனக்கு அவர் முகத்தைவிடப் பிடித்தது அங்கே கிடைத்த கரி. 2022-ல் ஜெரன் கபுக்சு என்ற ஆய்வாளரும் சகாக்களும் ஷனிதாரில் சுமார் 70,000 வருடத்துக்கு முந்தைய மண்ணில் கிடைத்த, கருகிப்போன உணவுத் துணுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். காட்டுப் பயறு வகைகள். ஊறவைத்து, இடித்து, அப்புறம் சமைத்திருக்கிறார்கள். நியாண்டர்தால்கள்! மாமூத்தை மட்டும் பச்சையாகக் கடித்துத் தின்றவர்கள் என்று கார்ட்டூனில் பார்த்தோமே, அவர்கள்.

இது நான்டிக்கு இருபதாயிரம் வருடம் முந்தைய சமையல், அவருடைய அடுப்பு இல்லை. ஆனாலும் பயறு ஊறப் போட்டால் ஊறுகிற வரைக்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். நெருப்பு அணையாமல் பார்க்க வேண்டும். அம்மாவிடம் கேட்டேன், ஒரு கையால் இடிக்க முடியுமா என்று. "உரலை ரெண்டு காலுக்கு நடுவுல இடுக்கிக்கிட்டா முடியும்," என்றார்.